உப்புப் பூத்த பூமி

சாம்பாரில் உப்பு ஒரு கை கூடிவிட்டால் என்ன செய்வது என்பது நம் வீட்டு அம்மணிகளுக்கு அத்துப்படி. உருளைக்கிழங்கை நறுக்கிப் போடுவார்கள். கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பெருக்குவார்கள். ஒன்றுக்கும் மசியவில்லையென்றால், "இன்றைக்கு மோர் சாதந்தான்" என்று ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்துவிடுவார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்.

ஆனால் வயலில் உப்பு கூடிவிட்டால்? சாம்பாரைக் கொட்டுவது போல் வயலைக் கொட்டிவிட முடியுமா? அங்கேயும் தண்ணீர் விட்டுப் பெருக்குவதுதான் வழி. அந்தத் தண்ணீருக்கே பஞ்சம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

இதற்குப் பதில் தேட உங்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போகப் போகிறேன். வீட்டில் குழந்தைகளின் பூகோளப் படம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இமயமலைக்கு வடமேற்கே பாமீர் மலைகள் இருக்கின்றனவல்லவா? அங்கும் இந்துகுஷ் மலைகளிலும் பிறந்து, மேற்கே பாலைவனத்தை நோக்கி ஓடுகிறது அமு தாரியா என்னும் ஆறு. ஒரு புறம் காரகும். அதற்குக் 'கறுப்பு மணல்' என்று பொருள். மறுபுறம் கிஸில்கும், அதாவது 'சிவப்பு மணல்'. இரண்டு பாலைவனங்களுக்கும் நடுவே, ஆற்றின் கடைமடையில், பச்சைப் பாயை விரித்தாற்போல் கிடக்கிறது கொரெஸ்ம் என்ற பிரதேசம். இன்று அது உஸ்பெகிஸ்தானில் ஒரு மாகாணம். கீவா என்ற புராதன நகரம் இங்கேதான் இருக்கிறது.

"கேள்விப்படாத ஊராக இருக்கிறதே!" என்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா உங்களைப் பாடுபடுத்தியிருக்குமே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற கணித மேதையின் புத்தகத் தலைப்பிலிருந்து வந்தது. 'குவாரிஸ்மி' என்றால் கொரெஸ்ம்காரர் என்று பொருள். இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதினாரே அல் பிரூனி, அவர் பிறந்ததும் இந்தப் பிரதேசத்தில்தான், 973-ஆம் வருஷம். ஆகவே, நமக்கு அவ்வளவு அந்நியமான சீமை அல்ல.

★

கொரெஸ்மில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் பெய்கிறது. அந்த 100 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு கீரைப் பாத்திகூடப் போட முடியாது. ஆனாலும் அங்கே இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாக விவசாயம் நடந்து வருகிறது. பருத்தி விளைகிறது. கோதுமை விளைகிறது. நெல்கூட விளைகிறது. முலாம்பழத்துக்கோ கொரெஸ்ம் பேர் போனது. எல்லாம் அமு தாரியாவின் தயவு.

ஆற்றுத் தண்ணீர் நமக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஆற்றிலும் துளி உப்பு கலந்தே இருக்கும். மலைப் பாறைகளைக் கரைத்துக்கொண்டல்லவா அது வருகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில், வருஷம் முழுவதும் பாய்ச்சும் தண்ணீரைச் சேர்த்தால் ஒரு மீட்டர் உயரம் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏக்கருக்குள் ஒரே வருஷத்தில் வந்து சேரும் உப்பு எவ்வளவு? நாலு டன்! நூறு கிலோ மூட்டையாகக் கட்டினால் நாற்பது மூட்டை!

தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போய்விடும். செடி குடித்தது இலை வழியாகப் போய்விடும். உப்பு எங்கே போகும்? அதற்கு இறக்கையா இருக்கிறது? வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். நம் வீட்டில் விருந்தாளிகளோடு வந்த பெட்டி படுக்கை, விருந்தாளிகள் போன பிறகும் கூடத்திலேயே கிடந்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு வருஷமும் நாற்பது பெட்டி சேர்ந்தால் வீட்டுக்காரன் எங்கே படுப்பான்?

மழை தாராளமாகப் பெய்யும் தேசங்களில் இந்தத் தொல்லை இல்லை. மழை நீர் உப்பைக் கரைத்து ஆழத்துக்கும் ஆற்றுக்கும் கடலுக்குமாகக் கொண்டுபோய்விடும். வறண்ட பிரதேசத்தில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை.

★

இதோடு போயிற்றா? இல்லை. மேலேயிருந்து வரும் உப்பு போதாதென்று கீழேயிருந்தும் வருகிறது.

சுவாமி விளக்கைப் பாருங்கள். எண்ணெய் கீழே இருக்கிறது. சுடர் மேலே இருக்கிறது. எண்ணெயை மேலே ஏற்றுவது யார்? திரி. மண்ணும் அப்படித்தான். மண்துகள்களுக்கு நடுவே உள்ள மயிரிழை போன்ற சந்துகள் எல்லாம் திரிகள். கொரெஸ்மில் பாசன காலத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் இரண்டு மீட்டருக்குள்ளேயே நிற்கிறது. அதுவும் உப்பு நீர். மேலே சூரியன் என்ற சுடர் எரிகிறது. நீர் திரி வழியாக ஏறி, மேல் மண்ணுக்கு வந்து, ஆவியாகிப் போகிறது. அது சுமந்து வந்த உப்பு மட்டும் மேலே வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் பனி பெய்தாற்போல் இருக்கும். கீவா நகரத்துப் பழைய கட்டடங்களின் செங்கற் சுவர்களையும் இதே உப்பு ஏறி அரித்து வருகிறது.

அந்த மண்ணில் செடி ஏன் வாடுகிறது என்று கேட்டால், அதற்கும் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு ஜாடியில் குலுக்கி வைக்கிறீர்கள். மறுநாள் பார்த்தால் மாங்காய் சுருங்கியிருக்கிறது. ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. உப்பு நீரை இழுக்கும். மண்ணில் உப்பு மிகுந்துவிட்டால் வேருக்கும் மண்ணுக்கும் இழுபறி நடக்கும். தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் தவிக்கும்.

மண்ணின் இந்த நோயை அளக்க ஒரு 'தெர்மாமீட்டர்' உண்டு. மண்ணை நீர் விட்டுக் குழைத்து, அதிலிருந்து வடிக்கும் நீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்ப்பார்கள். உப்பு கூடக் கூட மின்சாரமும் சுலபமாகப் பாயும். இந்த அளவுக்கு டெசிசீமென்ஸ் என்று பெயர். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, எண்ணை மட்டும் பாருங்கள். 4-ஐத் தாண்டினால் அது உவர் நிலம். பீன்ஸ் செடி 1-ஐத் தாண்டினாலே முகத்தைச் சுளிக்கும். நெல் 3 வரை தாங்கும். கோதுமை 6 வரை பொறுக்கும். பருத்தி பெரிய பொறுமைசாலி. 7, 8 வரை ஈடுகொடுக்கும். ஆனால் அந்தப் பருத்தியும் முளைக்கும் பருவத்தில் குழந்தைதான். அப்போது உப்பு மேலே நின்றால் விதை போட்ட இடம் பாதி காலியாகிவிடும்.

★

இந்த உப்போடு கொரெஸ்ம் குடியானவர்கள் இத்தனை காலம் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள்? அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு 'ஷோர் யுவிஷ்' என்று பெயர். உப்பைக் கழுவுதல் என்று பொருள். குளிர் தணியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், விதைப்புக்கு முன்னால், வெறும் வயலில் வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்துவார்கள். நீர் மெல்ல இறங்கும். உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே போகும். அங்கிருந்து வடிகாலில் விழுந்து, பாலைவனத்தில் உள்ள சரிகாமிஷ் என்ற பள்ளத்துக்குப் போய்ச் சேரும். உப்பு அதிகமான வயலானால் இரண்டு முறை, மூன்று முறைகூடக் கழுவுவார்கள். பிறகுதான் பருத்தி விதை.

பாருங்கள், பயிரே இல்லாத வயலுக்கு அவ்வளவு தண்ணீர்! வெளியூர்க்காரன் பார்த்தால், "இதென்ன ஊதாரித்தனம்!" என்பான். அது ஊதாரித்தனமல்ல, வயலுக்கு எண்ணெய் ஸ்நானம். அதைத் தள்ளிப் போட்டால் வருஷம் முழுவதும் உடம்பு சுகப்படாது.

பழைய நாளில் பல வயல்கள் வாய்க்காலைவிட மேட்டில் இருந்தன. 'சிகிர்' என்ற சக்கரத்தை மாடோ ஒட்டகமோ சுற்ற, தண்ணீர் மேலே ஏறும். அவ்வளவு சிரமப்பட்டு இறைத்த நீரை யாராவது வீணாக்குவார்களா? நிலத்தடி நீரும் ஆழத்தில் கிடந்தது. பிறகு சோவியத் ஆட்சி வந்தது. பருத்திக்கு 'வெள்ளைத் தங்கம்' என்று பட்டம் சூட்டினார்கள். பெரிய பெரிய வாய்க்கால்கள் வெட்டினார்கள். 1954-இல் தொடங்கிய காரகும் கால்வாய் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்துக்குள் நீண்டது. தண்ணீர் தானாகப் பாய்ந்தது. பாய்ந்த நீர் பூமிக்குள் கசிந்தது. நிலத்தடி நீர் மேலே வந்தது. திரி நனைந்தது!

ஆறு போய்ச் சேர வேண்டிய அரல் கடலின் கதி என்ன ஆயிற்று? 1960-இல் அது சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். உலகத்து ஏரிகளில் நாலாவது பெரியது. அதன் பிறகு சுருங்கிச் சுருங்கி, 1980-களின் கடைசியில் இரண்டு துண்டாயிற்று. 2014-இல் தென்பகுதியின் கிழக்குப் பாதி அடியோடு வற்றிப்போயிற்று. மீன்பிடி துறைமுகமாக இருந்த மொய்னாக்கில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. கடலின் அடியில் கிடந்த உப்பு இன்று காற்றில் பறக்கிறது. கடல் இருந்த வரையில் கோடையின் சூட்டையும் குளிர்காலத்தின் கடுமையையும் அது சற்றே தணித்து வந்தது. அதுவும் போயிற்று.

★

ஆக, உப்பை வயலுக்குக் கொண்டு வந்த குற்றவாளி வெயில் அல்ல, மனிதனும் வாய்க்காலும்தான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பருவநிலை மாறுகிறது, உலகம் சூடாகிறது என்று எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட்டுவிட்டு நழுவிவிடுவது நியாயமல்ல. ஆனால் பழைய கடனுக்கு வட்டியை ஏற்றுவது யார் என்றால், அது இந்தப் புதிய சூடுதான். மத்திய ஆசியா உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடேறி வருகிறது. அந்த வட்டி மூன்று வழியில் ஏறுகிறது.

முதல் வழி, விளக்குத் திரி. சுடரைப் பெரிதாக்கினால் எண்ணெய் சீக்கிரம் ஏறும். வெயில் கூடினால் மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் கூடும். ஏறி வரும் உப்பும் கூடும். பயிருக்கும் தாகம் அதிகம். அதற்காக இன்னும் ஒரு தண்ணீர் கூடுதலாகப் பாய்ச்சினால், அந்தத் தண்ணீரோடு இன்னும் சில மூட்டை உப்பு வந்து இறங்கும்.

இரண்டாம் வழி, மலை. அமு தாரியா பனியிலிருந்து வரும் ஆறு. பக்கத்துத் தியான் ஷான் மலைகளில் 1961-க்கும் 2012-க்கும் நடுவே பனியாற்றுக் கட்டிகளில் கால் பங்குக்கு மேல் கரைந்து போய்விட்டது. பனிக்கட்டி என்பது பாங்கியில் போட்ட மூலதனம் மாதிரி. அதை எடுத்துச் செலவழிக்கும்போது சில காலம் கையில் பணம் தாராளமாகப் புரளும். "நமக்கென்ன குறை?" என்று தோன்றும். மூலதனம் கரைந்த பிறகுதான் விழிப்போம். அது மட்டுமா? பனியாகப் பெய்து மலையில் தங்க வேண்டியது மழையாகப் பெய்து உடனே ஓடிவிடுகிறது. பனி சீக்கிரமே உருகிவிடுகிறது. பயிர் தவிக்கும் கோடைக்கு முன்பே வெள்ளம் வந்து போய்விட்டால் அதனால் யாருக்கு லாபம்?

மூன்றாம் வழிதான் கொடுமையானது. ஆற்றில் நீர் குறைந்தால், இருக்கிற நீரில் உப்பின் விகிதம் கூடும். மேலே உள்ள ஊர்கள் தங்கள் வயலைக் கழுவிய வடிகால் நீர் ஆற்றில் வந்து விழுகிறது. அவர்கள் கழுவிவிட்ட உப்பு, கடைமடைக்காரர்களுக்குப் பாசன நீர்! தஞ்சை ஜில்லாவில் கடைமடைக்காரரின் கஷ்டம் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்றுதான் கவலை. அங்கே, வரும் தண்ணீர் தண்ணீராக வருமா என்ற கவலையும் கூடச் சேர்ந்துகொள்கிறது. பஞ்ச வருஷத்தில் வேறு கதியின்றி வடிகால் நீரையே மறுபடி பயிருக்கு இறைக்கிறார்கள். 2000-2001 வறட்சியில் கொரெஸ்மும் அதற்கும் கீழே உள்ள கரகல்பாக்ஸ்தானும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2021-இலும் வறட்சி வந்தது.

தண்ணீர் குறைந்தால் குடியானவன் முதலில் எதைக் குறைப்பான்? நிற்கிற பயிரை வாட விடுவானா? மாட்டான். வெறும் வயலைக் கழுவுகிற தண்ணீரைத்தான் குறைப்பான். அந்த வருஷம் ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷம் விதை முளைக்காத இடங்களில் வெள்ளைத் திட்டுக்கள் தெரியும்.

★

"சிக்கனமாகப் பாய்ச்சினால் போகிறது! சொட்டுநீர்ப் பாசனம் இருக்கிறதே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நல்ல யோசனைதான். உஸ்பெக் சர்க்காரும் மானியம் கொடுத்து அதை ஊக்குவித்து வருகிறது. வாய்க்காலில் கசிந்து வீணாகிற நீரை மிச்சம் பிடித்தால் நிலத்தடி நீரும் இறங்கும், திரியும் காயும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக விடும் நீர் செடியின் வேரை நனைக்குமே தவிர, உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகாது. நனைந்த மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவிலுள்ள ஓரத்தில் உப்பு வளையம் கட்டி நிற்கும். மழை நாட்டில் அதை மழை பார்த்துக்கொள்ளும். கொரெஸ்மில் யார் பார்த்துக்கொள்வது? ஆகவே அங்கே சிக்கனம் என்பது எல்லாத் தண்ணீரையும் குறைப்பதல்ல. பயிருக்கு விடும்போது கருமியாக இருந்து, மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை உப்புக்கென்று எடுத்து வைப்பது. வீட்டுச் செலவில் கடன் தவணைக்கு முதலில் எடுத்து வைப்பதில்லையா, அது போல.

அதற்கு உதவும் காரியங்கள் பெரிய மந்திரமல்ல. முதலாவது, வயலைச் சமப்படுத்துவது. மேடும் பள்ளமுமான வயலில் மேட்டில்தான் உப்புப் பூக்கும்; கழுவும் நீர் பள்ளத்தில் போய் நின்றுவிடும். லேசர் கதிரின் உதவியால் வயலைப் பலகை போல் சமப்படுத்தினால் கொஞ்சம் நீரிலேயே எல்லா இடமும் கழுவப்படும். 2001 முதல் பத்து வருஷம் ஜெர்மனியின் பான் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் யுனெஸ்கோவும் உள்ளூர் விஞ்ஞானிகளும் கொரெஸ்மில் தங்கிச் செய்த ஆராய்ச்சியில் இதுவும் ஒன்று.

இரண்டாவது, வடிகால். வாய்க்கால் வெட்டினால் திறப்பு விழா நடக்கும், மாலை விழும், படம் எடுப்பார்கள். வடிகாலைத் தூர் வாருவதற்கு யார் மாலை போடுகிறார்கள்? 1991-இல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு அங்கே பல வடிகால்கள் தூர்ந்து நாணல் மண்டிப் போயின. வடிகால் அடைபட்டால் கழுவிய நீர் போக வழியின்றி, உப்போடு மறுபடி மேலேயே ஏறும். மருந்தே நோயாகிவிடும்! நம் நாட்டில் கர்னாலில் 1969-இல் தொடங்கிய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம், ஹரியானாவின் உவர் நிலங்களில் பூமிக்கடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்து, உப்பு நீரை வடித்து, விளையாத வயலை விளைய வைத்திருக்கிறது. வடிகாலின் மகிமை அது.

மூன்றாவது, செடிகள். 'ஜிடா' என்ற மரம் உவர் நிலத்திலும் வளர்ந்து, ஆழத்து நீரைக் குடித்து நீர்மட்டத்தை இறக்குகிறது. இன்னொன்று உங்களுக்குத் தெரிந்ததுதான். இருமலுக்கு நாட்டுமருந்துக் கடையில் அதிமதுரம் வாங்குகிறோமே, அதுதான்! சிர் தாரியா என்ற அண்டை ஆற்றுப் பக்கத்தில், உப்பினால் கைவிடப்பட்ட வயலில் நாலு வருஷம் அதிமதுரம் பயிரிட்டுப் பார்த்தார்கள். அதன் வேர் ஆழமாக இறங்கி நிலத்தடி நீரைக் குறைத்தது. தழை மண்ணை மூடி வெயிலைத் தடுத்தது. பிறகு அங்கே கோதுமையும் பருத்தியும் பழையபடி விளைந்தன. தொண்டைக்கு மட்டுமல்ல, மண்ணுக்கும் அது மருந்து! வற்றிய அரல் கடலின் தரையிலும் 2018-க்குப் பிறகு சாக்ஸால் என்னும் பாலைவனப் புதர்களைப் பெருமளவில் நட்டு வருகிறார்கள். உப்புத் தூசியைப் பிடித்து நிறுத்துவதற்காக.

இவ்வளவும் வயலுக்குள் செய்யக் கூடியவை. வயலுக்கு வெளியேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022-இல் ஆப்கானிஸ்தானின் வடக்கே அமு தாரியாவிலிருந்து குவாஷ் தேபா என்ற கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். நீளம் 285 கிலோமீட்டர். ஆப்கானியர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் ஆற்றங்கரையிலேயே இருக்கிறார்கள்; அவர்கள் வயிறும் வயிறுதானே? ஆனால் அங்கே எடுக்கிற ஒவ்வொரு படி நீரும் கடைமடையில் உப்பைக் கழுவ வேண்டிய கணக்கிலிருந்துதான் குறையும். 'எனக்கு எவ்வளவு தண்ணீர், உனக்கு எவ்வளவு தண்ணீர்' என்றுதான் தேசங்கள் பேரம் பேசுகின்றன. 'என் உப்பு எங்கே போகும், உன் உப்பு எங்கே போகும்' என்றும் சேர்த்துப் பேசினால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

தண்ணீரைக் கொண்டு வருவது பாதி வேலைதான், நேயர்களே! உப்பை வழியனுப்பி வைப்பது மறு பாதி. முதல் பாதி கண்ணுக்குத் தெரிகிறது. மறு பாதி தெரிவதில்லை. தெரியும்போது வயல் வெளுத்திருக்கும். வருஷா வருஷம் பிப்ரவரியில் கொரெஸ்ம் குடியானவன் வெறும் வயலில் நீரை நிறுத்திவிட்டு வரப்பில் நிற்கிறான். ஒன்றும் விதைக்கவில்லை; ஒன்றும் முளைக்கப் போவதும் இல்லை. ஆனாலும் அந்த வருஷத்து விளைச்சல் அந்த நீரில்தான் இருக்கிறது. பூமி சூடாகச் சூடாக அந்தத் தண்ணீர் குறைந்துகொண்டு வருகிறது. அவனுக்கு அந்தப் பங்கை எடுத்து வைக்கிற ஆற்றுக் கணக்கு எதுவோ, அதுதான் சரியான கணக்கு.